ஆட்டின் தோலும் ஆளின் கூலியும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு ஆடுகளைப் பற்றியது என்று அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "மனுசன் கஞ்சிக்கே வழியில்லை, ஆட்டுக்கு வக்காலத்தா?" என்று ஒரு தோழர் கேட்டதும் என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல உங்களை ஆஸ்திரேலியா வரை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஏன் ஆஸ்திரேலியா? உலகச் சந்தைக்கு வரும் மெல்லிய கம்பளி ரோமத்தில் மிகப் பெரும் பங்கு அந்த நாட்டுடையது. வட இந்தியாவின் கம்பளி மில்கள் நூற்கும் நயமான ரோமமும் பெரும்பாலும் அங்கிருந்து கப்பலில் வருவதுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கடைகளில் தொங்கும் கம்பளிச் சட்டைகளில் இப்போது ஒரு சிறு சீட்டைக் கட்டி வைக்கிறார்கள். "இந்த ரோமம் பொறுப்போடு பெறப்பட்டது, ஆடு வதைக்கப்படவில்லை" என்பது அந்தச் சீட்டின் சாரம். சீட்டு எப்படி வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் ஆட்டைப் பார்ப்போம். மெரினோ என்ற அந்தச் செம்மறி ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஸ்பெயின் அரசர்கள் நெடுங்காலம் தடை போட்டு வைத்திருந்தார்கள். தடை தளர்ந்து, கைமாறிக் கைமாறி, 1797-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து சில மெரினோக்கள் ஆஸ்திரேலியாவில் இறங்கின. அந்தச் சில ஆடுகளில் தொடங்கிய கதை 1990-ல் 17 கோடி செம்மறியில் வந்து நின்றது. (இன்று அது 7 கோடியைச் சுற்றி இருக்கிறது. எப்படிக் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.) மெரினோவின் ரோமம் நம் தலைமயிரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. மெல்லிசு கூடக் கூட விலை கூடும். நம் மலையிலேயே இந்த ரத்தம் கலந்த ஆட்டைப் பார்க்கலாம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் இருக்கும் மத்திய சர்க்காரின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ என்ற இனத்தை வளர்க்கிறார்கள்.

மெரினோவுக்கு ஒரு பரிதாபம் உண்டு. காட்டு ஆட்டின் ரோமம் பருவத்துக்குப் பருவம் தானே உதிரும். மெரினோவுக்கு உதிராது. ரோமம் உதிராமல் உடம்போடு நிற்கட்டும், அதைத் தான் அறுத்துக்கொள்ளலாம் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ஆடு அது. 2015-ல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அருகே மந்தையை விட்டுப் பல வருஷம் அலைந்த ஓர் ஆடு அகப்பட்டது. நடக்கவே முடியாமல் தள்ளாடிய அதன் மேலிருந்து 41 கிலோ ரோமத்தை எடுத்தார்கள். சாதாரணமாக ஓர் ஆட்டுக்கு வருஷத்தில் 4, 5 கிலோதான் வரும். ஆகவே, ரோமம் கத்தரிப்பதே கொடுமை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மெரினோவைக் கத்தரிக்காமல் விடுவதுதான் கொடுமை. எப்படிக் கத்தரிக்கிறோம், அதற்கு முன் அந்த ஆட்டை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

தோலில் விழுந்த மடிப்பு

1880-களில் ஆஸ்திரேலியாவின் பெரிய ஆட்டுப் பண்ணை முதலாளிகளில் சாமுவேல் மெக்காகி என்று ஒருவர் இருந்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்திலிருந்து ஒரு வகை மெரினோக் கிடாக்களை வரவழைத்தார்கள். அந்தக் கிடாவின் தோல் உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். கணக்கு எளிது. மடிப்பு அதிகமானால் தோலின் பரப்பு அதிகம், தோல் அதிகமானால் ரோமம் அதிகம், ரோமம் அதிகமானால் பணம் அதிகம். ஆட்டின் வசதி அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவில்லை. அந்த ரத்தம் மந்தைகளில் பரவியது. எதிர்பார்த்த லாபம் அந்த ரோமத்தில் கிடைக்கவில்லை என்று பிற்பாடு அவர்களே கைவிட்டார்கள். மடிப்பு மட்டும் மந்தையை விட்டுப் போகவில்லை.

மடிப்புத் தோல் வெய்யிலிலும் மழையிலும் வேர்த்து நசநசக்கும். பின்பக்கம், வாலடியில், மூத்திரமும் புழுக்கையும் மடிப்பில் ஒட்டி நனைந்தே கிடக்கும். பச்சைப் பளபளப்புள்ள ஒரு ஈ அந்த ஈரத்தில் முட்டையிடுகிறது. முட்டை ஒரு நாளுக்குள் பொரிகிறது. புழு உயிருள்ள ஆட்டின் சதையைத் தின்னத் தொடங்குகிறது. ஆடு மேய்த்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புண்ணில் புழு வைத்த ஆட்டை நீங்கள் கையில் பிடித்து மருந்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆயிரக்கணக்கான ஆடுகளை விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆட்களை வைத்துக்கொண்டு பார்க்கும் பண்ணையில், எந்த ஆட்டுக்குப் புழு வைத்தது என்று யார் பார்ப்பது? ஓரிரு நாள் பல்லைக் கடித்து, காலை உதைத்து, மந்தையை விட்டு ஒதுங்கி நின்று, சில நாளில் செத்துவிடும்.

1930-களின் தொடக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மியூல்ஸ் என்ற பண்ணைக்காரர் ஒரு பெட்டை ஆட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது கை தவறி அதன் பின்பக்கத் தோலில் ஒரு துண்டை அறுத்துவிட்டார். அடிக்கடி புழு வைத்துக்கொண்டிருந்த ஆடு அது. காயம் ஆறியதும் அந்த இடம் மடிப்பில்லாமல், ரோமமில்லாமல், வழவழவென்று இருந்தது. அதன் பிறகு புழு வைக்கவில்லை. அன்று கை தவறி நடந்ததையே தெரிந்து செய்யும் முறையாக்கினார்கள். அவர் பெயராலேயே அதற்கு மியூல்சிங் என்று பெயர் வந்தது.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குட்டியை மல்லாக்கக் கிடத்திக் கால்களைப் பூட்டிவிடும் ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "தொட்டில்." தொட்டிலில் கிடக்கும் குட்டிக்கு ஒரே மூச்சில் காதில் அடையாளம் வெட்டுகிறார்கள், வாலை நறுக்குகிறார்கள், கிடாக்குட்டியானால் காயடிக்கிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள். பிறகு கூர்மையான கத்தரியால் பின்பக்கம் இரண்டு புறமும் பிறை வடிவில் தோலை வெட்டி எடுக்கிறார்கள். நெடுங்காலம் இது வலிமருந்து எதுவும் இல்லாமலே நடந்தது. குட்டி விறைத்த காலோடு முதுகைக் கூனிக்கொண்டு தாயைத் தேடிப் போகும். புண் ஆற வாரக்கணக்காகும். வெட்டுகிற ஆள் பல இடங்களில் காண்ட்ராக்டில் வருகிறவர். குட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குட்டிக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டால் அது அவருடைய சொந்த நஷ்டம்.

பண்ணைக்காரர்கள் சொல்லும் சமாதானத்தையும் சொல்லிவிட வேண்டும். "வெட்டாமல் விட்டால் புழு தின்று சாகும். சின்னக் கொடுமையால் பெரிய கொடுமையைத் தடுக்கிறோம்" என்கிறார்கள். இது முழுப் பொய் அல்ல. புழு வைத்துச் செத்த ஆட்டைக் கண்டவர் யாரும் இதை அலட்சியமாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் இதில் ஒரு பாதியை மறைக்கிறார்கள். மடிப்பு ஆட்டோடு பிறந்த விதி அல்ல. லாபத்துக்காக மனிதன் உண்டாக்கியது அது. மனிதனே அதை நீக்கவும் முடியும். மடிப்பில்லாத உடம்பும், ரோமமில்லாத பின்பக்கமும், கழிச்சல் ஒட்டாத தன்மையும் உள்ள கிடாவைப் பொறுக்கிச் சேர்த்தால் சில தலைமுறையில் வெட்டத் தேவையில்லாத மந்தை கிடைக்கிறது. பல பண்ணைகள் அப்படிச் செய்து காட்டியும் விட்டன. அதற்கு இடைப்பட்ட வருஷங்களில் பின்பக்க ரோமத்தை மட்டும் அவ்வப்போது கத்தரித்துவிடலாம், மருந்து தெளிக்கலாம், ஆட்களை வைத்து மந்தையை அடிக்கடி பார்க்கலாம். இத்தனைக்கும் வேண்டியது ஆளும் நேரமும்தான். ஆளும் நேரமும் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் வருகின்றன. குட்டியின் வலி எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

2004-ல் அமெரிக்காவிலிருந்து பிராணி வதைக்கு எதிரான இயக்கத்தார் இதைப் படம் பிடித்துக் காட்டி, ஆஸ்திரேலிய ரோமத்தை வாங்காதீர்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். வியாபாரம் ஆட்டம் கண்டது. உடனே அங்குள்ள ரோமத் தொழில் தலைவர்கள் 2010 முடிவுக்குள் இந்த வெட்டை நிறுத்திவிடுவோம் என்று உறுதி கொடுத்தார்கள். உறுதி கொடுத்ததும் கூச்சல் ஓய்ந்தது. 2009-ல், கெடு முடிய ஒன்றரை வருஷம் இருக்கும்போது, அந்தக் கெடுவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்! கூலி உயர்வு ஒப்பந்தங்களில் நாம் காணாத வித்தையா இது? பக்கத்து நாடான நியூசிலாந்து 2018 அக்டோபர் முதல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணம் 2020 ஜூலை முதல் வெட்டும்போது வலிமருந்து கட்டாயம் என்றது. அதற்கு முன்பே பல பண்ணைக்காரர்கள் தாங்களாகவே வலிமருந்தைத் தடவ ஆரம்பித்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெட்டு இன்னும் நிற்கவில்லை.

நூறு ஆட்டுக்கு இவ்வளவு

இனி கத்தரிக்கிற தொழிலாளியிடம் வருவோம். இங்கேதான் மில் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ரோமம் கத்தரிப்பவர்களுக்கு ஆதி முதல் இன்று வரை பீஸ் ரேட்தான். நூறு ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி. முரட்டுக் கிடா என்றால் ஒன்றை இரண்டாக எண்ணுவார்கள். ஒரு நாள் வேலை இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு தவணை. கைதேர்ந்தவர் ஒரு நாளில் நூற்றைம்பது, இருநூறு ஆடு முடிப்பார். ஆட்டுக்கு இரண்டு மூன்று நிமிஷம். அந்த நிமிஷங்களுக்குள் பட்டியிலிருந்து ஐம்பது அறுபது கிலோ ஆட்டை இழுத்து வந்து, பின்பக்கமாக உட்கார வைத்து, முழங்காலிடையே பிடித்து, நாள் முழுக்கக் குனிந்தபடியே கத்தரிக்க வேண்டும். முதுகெலும்பு தேயாத பழைய கத்தரிப்புத் தொழிலாளி அபூர்வம். 1892-ல் குவீன்ஸ்லாந்தில் ஜாக் ஹவ் என்பவர் கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிஷத்தில் 321 ஆடு முடித்தார். இன்றும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அசுர சாதனைதான். ஆனால் அந்த 321 ஆடுகளும் என்ன பாடுபட்டன என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் காலத்துக் கத்தரிப்புக் கொட்டகையில் தார்ச்சட்டியோடு ஒரு பையன் நிற்பான். கத்தரி தோலில் பட்டு ரத்தம் வந்தால் தொழிலாளி "தார்!" என்று கத்துவார். பையன் ஓடிவந்து காயத்தில் தாரைத் தடவிவிட்டுப் போவான். அடுத்த ஆடு வந்துவிடும். அதே கொட்டகையில் பண்ணை முதலாளி கையில் செங்காவிக் கட்டியோடு சுற்றுவார். சரியாகக் கத்தரிக்கவில்லை என்று தோன்றிய ஆட்டின் மேல் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த ஆட்டுக்குக் கூலி கிடையாது. சரியில்லை என்று தீர்மானிப்பவர் முதலாளி. கத்தரித்த ரோமமும் முதலாளிக்கே. துணியில் குறை என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, அதே துணியை விற்றும் காசாக்குகிற சாமர்த்தியத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் அங்கே சங்கம் பிறந்தது. 1891-ல், சங்கத்தோடு பேச மாட்டோம், ஆளுக்கு ஆள் தனி ஒப்பந்தம்தான் என்று முதலாளிகள் சொன்னபோது, குவீன்ஸ்லாந்தில் கத்தரிப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பார்கால்டைன் ஊருக்கு வெளியே முகாம் போட்டு உட்கார்ந்தார்கள். சர்க்கார் துருப்புகளை அனுப்பியது. தலைவர்களைப் பிடித்துச் சதி வழக்குப் போட்டு மூன்று வருஷம் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். போராட்டம் தோற்றது. ஆனாலும் அந்த நாட்டுத் தொழிற்கட்சி உருவான கதையில் இந்த வேலைநிறுத்தத்துக்கு இடம் உண்டு.

ஆட்டைப் பற்றிச் சொல்ல வந்தவர் கூலியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ஒரு பிராணி நல இயக்கம் ஆஸ்திரேலியக் கொட்டகைகளில் ரகசியமாக எடுத்த படங்களை வெளியிட்டது. திமிறுகிற ஆட்டின் முகத்தில் குத்துவதும், தரையில் அறைவதும், கிழிந்த தோலை அந்த இடத்திலேயே ஊசி நூலால் தைப்பதும் அவற்றில் தெரிந்தன. உலகமே தொழிலாளியைத் திட்டியது. வாயில்லாப் பிராணியைக் குத்துகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். தவறு தவறுதான். ஆனால் அதோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் யார்? காண்ட்ராக்டரையும், பண்ணைக்காரரையும், ரோமம் வாங்கும் கம்பெனியையும் விட்டுவிட்டு, கத்தரி பிடித்த கையை மட்டும் பிடிக்கிறார்கள். மணிக்கூலி கொடுத்தால் அந்தக் கை ஒரு நிமிஷம் நிற்கும். திமிறுகிற ஆட்டுக்காக நின்றால் கூலி குறையும் என்று ஏற்பாடு செய்தவர் கொட்டகைக்கு வருவதே இல்லை.

நல்ல கத்தரிப்புத் தொழிலாளி ஆட்டை அடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டைச் சரியான நிலையில் உட்கார வைத்தால் அது திமிறாது. திமிறாத ஆடு சீக்கிரம் முடியும். கத்தரிப்பதற்கு முன் ஆட்டைப் பட்டினியாக வைத்திருந்தால் வயிறு அழுந்தாது, மூச்சுத் திணறாது. இதெல்லாம் கைப்பழக்கம், கண்காணிப்பு, பயிற்சி. பழகாத பையனை வேலையில் இறக்கி, களைத்துப்போன ஆளைக் கடைசித் தவணையிலும் விரட்டினால் ஆட்டுக்கும் வலி, ஆளுக்கும் வலி. 2020, 2021-ல் தொற்றுநோயால் நியூசிலாந்துத் தொழிலாளர்கள் வர முடியாமல் ஆஸ்திரேலியாவில் ஆள் பஞ்சம் வந்தது. அப்போது கூலி ஏறியது. ஆட்டை வெகுதூரம் இழுக்கத் தேவையில்லாதபடி கொட்டகையை மாற்றிக் கட்டுவது பற்றிய பேச்சும் பலமாக எழுந்தது. கருணை பிறந்ததால் அல்ல, ஆள் கிடைக்காததால்!

விலை விழுந்தால் யார் மேல் விழும்?

1950-51-ல் கொரிய யுத்தத்தின்போது படைகளின் உடுப்புக்காக ரோமத்துக்கு அடிபிடியாகி, ஒரு ராத்தல் ரோமம் ஒரு பவுனுக்கு விற்றது. பண்ணை முதலாளிகள் கொழுத்தார்கள். பிறகு விலை இறங்கியது. இறங்கியதும் குவீன்ஸ்லாந்தில் முதலில் வெட்டியது கத்தரிப்புக் கூலியை. 1956 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது.

1991-ல் விலை விழுந்தபோது ஆட்டின் மேல் விழுந்தது. அதற்கு முன் ரோமத்துக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை நிர்ணயித்து, விற்காத சரக்கைத் தொழிலின் பொது ஸ்தாபனமே வாங்கி வைக்கும் திட்டம் இருந்தது. விலையை ஏற்றி வைத்துவிட்டார்கள், வெளிநாட்டார் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். கிடங்குகளில் 47 லட்சம் பேல் குவிந்தது. 1991 பிப்ரவரியில் திட்டத்தையே ஊற்றி மூடினார்கள். ஆட்டை வளர்ப்பதே நஷ்டம் என்றாகிவிட்டது. ஆட்டுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, பெரும் பள்ளங்களைத் தோண்டி, லட்சக்கணக்கான ஆடுகளைச் சுட்டுப் புதைத்தார்கள். பேல்களை மட்டும் பத்திரமாக வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். கடைசி பேல் விற்க 2001 ஆயிற்று. ரோமத்துக்குக் கிடங்கு இருந்தது. ரோமம் கொடுத்த ஆட்டுக்குக் குழிதான்.

ரோமத்துக்கு வயதான ஆடுகளின் கடைசிப் பயணமும் உண்டு. கப்பலில் அடுக்கி உயிரோடு மேற்காசிய நாடுகளுக்கு இறைச்சிக்கு அனுப்புவது. 2003-ல் ஏறத்தாழ 57,000 ஆடுகளோடு போன ஒரு கப்பலை, நோய் இருக்கிறதென்று சொல்லி சவூதி அரேபியா இறக்க விடவில்லை. வாங்குவாரில்லாமல் வெப்பக் கடலில் வாரக்கணக்கில் அலைந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் செத்த பிறகு, மீதியை எரித்திரியா நாடு இனாமாக ஏற்றுக்கொண்டது. 2017-ல் இன்னொரு கப்பலில் வெக்கை தாங்காமல் சுமார் 2,400 ஆடுகள் செத்தன. அதைப் படம் பிடித்தவர் அந்தக் கப்பலில் வேலை செய்த ஒரு மாலுமி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் 2018-ல் வெளியானது. 2024-ல் ஆஸ்திரேலியப் பார்லிமெண்ட் சட்டம் நிறைவேற்றியது. 2028 மே 1 முதல் செம்மறிகளை உயிரோடு கப்பலில் அனுப்பக் கூடாது.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். "இந்த ரோமம் எப்படி வந்தது?" என்ற கேள்வியைத் துணிக்கடைக்காரர்கள்தான் முதலில் கேட்டதாக நினைக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்ற வறண்ட பிரதேசத்தில் ஆட்டுப் பண்ணைகளின் வேலையெல்லாம் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் செய்தது. மாவு, தேயிலை, சர்க்கரை, கொஞ்சம் புகையிலை என்பதே பல பேருக்குக் கூலி. அனுமதியில்லாமல் வேறு பண்ணைக்குப் போகவும் கூடாது. பண்ணையாள் முறையைக் கண்ட குடும்பங்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. 1946 மே 1 அன்று சுமார் 800 பேர் இருபதுக்கு மேற்பட்ட பண்ணைகளிலிருந்து ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். நூற்றுக்கணக்கான மைல் விலகிக் கிடந்த பண்ணைகளுக்கு டூலி பின் பின் என்ற அவர்களுடைய தலைவர் ரகசியமாகப் போய், நாள்காட்டியில் கோடு போட்டு, எந்த நாளில் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். 1949 வரை அவர்கள் அசையவில்லை. அந்த வருஷம் கப்பல் தொழிலாளர் சங்கம், பில்பரா ரோமத்தைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. 1956-லும் கருங்காலிகள் கத்தரித்த ரோமத்தைத் துறைமுகத் தொழிலாளர்கள் தொடவில்லை. அவர்கள் கையில் சீட்டு எதுவும் இல்லை. பேலைப் பார்த்ததும் அதன் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய சீட்டு 2016-ல் வந்தது. ஜவுளிக் கம்பெனிகளும் பிராணி நல ஸ்தாபனங்களும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து வகுத்த "பொறுப்பான ரோமத் தரம்" அது. மியூல்சிங் செய்யும் பண்ணைக்கு அதில் இடமில்லை. பண்ணையிலிருந்து, ரோமம் அலசும் இடம், நூற்பு மில், நெசவு, தையல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் தணிக்கை உண்டு. அதன் அடிப்படை, ஐந்து சுதந்திரங்கள் என்ற கொள்கை. பிரிட்டனில் 1965-ல் ஒரு கமிட்டி அறிக்கையில் வேர் விட்டு 1979-ல் உருவானது அது. பசி தாகம் இல்லாமை, தங்க வசதி, வலியும் நோயும் இல்லாமை, இயல்பாக நடமாட இடம், பயம் இல்லாமை. இதைப் படித்துக் காட்டியபோது ஒரு விவசாயத் தோழி, "இந்த அஞ்சும் எங்களுக்கு எப்பங்க தர்றாங்க?" என்று கேட்டார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் ஆட்டிடமிருந்து பிடுங்கி நமக்குத் தர வேண்டிய சுதந்திரங்களா இவை? மாடு கன்றை வீட்டில் ஒருவராக வைத்துப் பார்க்கும் நமக்கு, ஆட்டின் வலியைக் கண்டால் மனம் பொறுக்காமல் போவது பணக்காரர்களிடம் கற்றுக்கொண்ட குணமல்ல.

சீட்டால் நன்மை உண்டு. வாங்குகிறவர் கேட்டால்தான் பண்ணை மாறுகிறது என்பதை 2004-ம் 2009-ம் காட்டிவிட்டன. கேட்டபோது வாக்குக் கொடுத்தார்கள், கூச்சல் ஓய்ந்ததும் வாக்கு மறந்தது. 2020-ல் அந்தத் தரத்தைத் திருத்தியபோது பண்ணைத் தொழிலாளர் பற்றிய பகுதி ஒன்றையும் சேர்த்தார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் தணிக்கைச் செலவு, மந்தையை மாற்ற ஆகும் வருஷங்கள், கூடுதல் ஆள் ஆகியவற்றைச் சிறிய பண்ணைக்காரர் தாங்கவேண்டும், சீட்டால் வரும் கூடுதல் விலையில் பெரும்பகுதி கடையிலேயே நின்றுவிடும் என்றால் சிறியவர் ஒதுங்கிப் போவார். பெரிய கம்பெனிப் பண்ணைகளுக்குத்தான் சீட்டு மிஞ்சும்.

ஆஸ்திரேலியாவில் 2008 முதல் ஏலத்துக்கு வரும் ரோமத்தோடு ஓர் உறுதிமொழிப் படிவம் வருகிறது. பண்ணைக்காரர் விரும்பினால் நிரப்பலாம், கட்டாயமில்லை. மியூல்சிங் செய்யவில்லை, செய்வதை நிறுத்திவிட்டோம், வலிமருந்து கொடுத்துச் செய்தோம், மருந்தில்லாமல் செய்தோம் என்று ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் "அறிவிக்கவில்லை" என்று பதிவாகும். இத்தாலிய நூற்பு மில்காரர்கள் இதைப் பார்த்து வாங்குகிறார்கள். வெட்டில்லாத நயமான ரோமத்துக்கு ஏலத்தில் கூடுதல் விலையும் கிடைக்கிறது. கறுப்பு மயிர் கலந்திருக்குமா என்றுகூட அந்தப் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். கத்தரித்தவர் அன்று எத்தனையாவது ஆட்டைக் கத்தரித்தார், அவருக்கு மணிக்கூலியா பீஸ் ரேட்டா என்று கேட்கும் கட்டம் இல்லை.

நைலானும் அக்ரிலிக்கும் இருக்கும்போது ரோமம் எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவை மண்ணெண்ணெயின் பங்காளிகள். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பிறந்தவை, மண்ணில் மக்காதவை. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம், இன்று வேண்டாம். இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் இப்போது கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும். மற்றவர்கள் இருங்கள், மீதிக் கேள்விகளையும் பார்ப்போம்.